ஸ்பீக்கருக்குள் மாமனார்

அத்தியாயம் பதினேழு

கிள்ளானில் இறந்துபோனவர்கள் பொதுவாக வீட்டுக்குத் திரும்பி வருவதில்லை. வந்தாலும் வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் திரும்பிப் போய்விடுவார்கள். தம்புசாமி மட்டும் வந்துவிட்டார். அதுவும் தன் சொந்த ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே வந்து குடியேறிவிட்டார். அப்படித்தான் அவர் மனைவி சீதாலெட்சுமி சொன்னாள், தாமான் மெலோர் குடியிருப்பு முழுவதும் நம்பியது.

உயிரோடிருந்த நாளில் தம்புசாமி மைக்செட் போட்டவர். கிள்ளான் வட்டாரத்தில் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ தீமிதியோ அவர் 'ஹலோ, ஹலோ' சொல்லாமல் தொடங்கியது கிடையாது. அவர் ஸ்பீக்கரைத் திறந்துவிட்டால் தூரத்து ஜெஞ்சாரோமில் செம்பனைக் குலை தானாகக் கழன்று விழும் என்பார்கள். தொண்டை கட்டாமல் இருக்கச் சட்டைப் பையில் எப்போதும் பிசாங் மாஸ் பழம் வைத்திருப்பார். அவர் வருவதற்கு முன்னால் வாழைப்பழ வாசனை வந்துவிடும். போன பிறகும் அது போகாது.

போன வருஷம் அவர் போனார். கருமாதி அன்று, பந்தியில் வடை வைத்துக்கொண்டிருக்கும்போது, சந்துப் பக்கமிருந்து ஒரு கரும்புகை உருண்டு வந்தது. புகை இல்லை, தேனீக் கூட்டம். நேராகப் பின்கட்டுத் தகரக் கொட்டகைக்குள் போய், அவருடைய பெரிய ஸ்பீக்கர் பெட்டியின் கிழிந்த வாய்க்குள் நுழைந்தது. அதற்குப் பிறகு வெளியே வரவில்லை.

மின்சாரம் இல்லாத ஸ்பீக்கர். ஒயர் இல்லாத ஸ்பீக்கர். அது இரவும் பகலும் 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டே இருந்தது, யாரோ பேச ஆரம்பிப்பதற்குத் தொண்டையைச் சரிசெய்துகொள்வது போல.

ஒருநாள் தூசி துடைக்கப் போன சீதாலெட்சுமி, பழக்கதோஷத்தில் பெட்டியை விரலால் தட்டி, "என்னங்க" என்றாள்.

வாழைப்பழ வாசனை வந்தது.

வீட்டில் ஒரு பழம் கிடையாது. சந்தில் ஒரு மரம் கிடையாது. மறுநாள் தட்டினாள், வந்தது. மகன் ராஜனைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னாள், வந்தது. மருமகள் உஷாராணி இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. அவளும் தட்டிப் பார்த்தாள். சமையல்கட்டுக்கு ஓடி வந்து அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டு ரமணிக்கு முதலில் அவை கொலைகாரத் தேனீக்கள். ஒரு தேனீ கொட்டினாலே ஆள் காலி என்று வாட்சப்பில் வந்த வீடியோவைத் தெருவுக்கே அனுப்பி, தீயணைக்கிற பொம்பாவையே கூப்பிட்டு நெருப்பு வைக்கச் சொன்னவள் அவள்தான். உள்ளே இருப்பது தம்புசாமி என்று கேள்விப்பட்ட மறுநாளே மாலையோடு வந்து, பெட்டியிடம் லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டாள். தாமானில் தேனீக்களுக்கு இரண்டே உத்தியோகம்தான். ஒரு வாரம் எமன், மறு வாரம் குலதெய்வம். நடுவில் பூச்சியாக இருக்க யாரும் விடவில்லை.

இந்தப் பக்திக்குள் சேராத ஒரே ஜீவன் எக்கோ.

எக்கோ உஷாராணியின் கறுப்பு நாய். கிள்ளான் பாசார் சந்தையிலிருந்து அவள் மீன் பைக்குப் பின்னாலேயே நடந்து வந்தது. மாமனார் 'ஹலோ' என்றால் பதிலுக்கு ஒரு குரைப்புக் குரைத்ததால் அவரே வைத்த பெயர். பிள்ளையில்லாத வீட்டில் அவள் 'வாடா' என்று கூப்பிட இருந்த ஒரே ஆள். அந்த எக்கோ, பெட்டியைத் தட்டும்போதெல்லாம் முதுகு முடியைச் சிலிர்த்துக்கொண்டு உறுமியது. வாசனை வந்ததும் தலையைத் தூக்கி ஊளையிட்டது.

சீதாலெட்சுமி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பேர் வைத்தவரையே பார்த்து உறுமுகிற நாய் அந்த வீட்டில் இருக்கக்கூடாது. முதலாண்டுத் திதி முடிந்த கையோடு அது ஜெஞ்சாரோமுக்குப் போகும். ராஜனின் சித்தப்பா மகன் லோரி கொண்டுவருவான். செம்பனைக் காட்டில் ஒரு குடிசைக்குக் காவல் நிற்கட்டும்.

திதி இன்றைக்கு. உச்சிப் பொழுதுக்குப் படையல்.

மாமனாரின் பெரிய படத்தைத் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸ் கடையில் வாங்கி வருகிறேன் என்று சொல்லிக் காலையிலேயே கொம்யூட்டர் ரயில் ஏறிவிட்டாள் உஷாராணி. கிள்ளானில் படக்கடை இல்லாத மாதிரி என்று மாமியார் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. படம் சாக்குதான். அவள் தேடிப் போனது வேறு ஒருவரை.

*

படக்கடைக்காரர் வேலையைக் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிட்டார். பாஸ்போர்ட் அளவுப் படத்தைக் கதவு அளவுக்குப் பெரிதாக்கி, கண்களுக்குப் பளபளப்பு ஏற்றியிருந்தார். உஷாராணி இடப்பக்கம் போனால் மாமனார் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் போனால் வலப்பக்கம். பழைய துண்டால் முகத்தைப் போர்த்தித் தூக்கிக்கொண்டாள்.

அவள் தேடி வந்த கனகேஸ்வரி அம்மாவின் வீடு, புடவைக்கடைகளுக்குப் பின்னால், பழைய கடைவீட்டின் மேல்மாடி. அரசாங்க ரசாயனக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து அம்மா. பின்பக்கத் திறந்த தளத்தில் வரிசையாகத் தேனீப் பெட்டிகள். பெட்டிகளுக்கு நடுவே பூனைகள். அத்தனை பூனைகளை ஒரே இடத்தில் பார்த்தால் எலிகள் சிங்கப்பூருக்கே குடிபெயர்ந்திருக்கும். ஒரு தேனீ ஒரு பூனையின் மீசையில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போனது. பூனை கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

உஷாராணிக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. நாயும் தேனீயும் ஒரு வீட்டில் வாழலாம் என்று படித்த ஒருவர் சொல்ல வேண்டும். அதை வைத்துக்கொண்டு ராஜனை மடக்கிவிடலாம்.

"ஏன் வாழ ஏலாது?" என்றார் கனகேஸ்வரி, தேத்தண்ணீரை நீட்டிக்கொண்டே. "தேனீக்கெண்டு தண்ணிச் சட்டி புறம்பா வைக்கோணும். நாய்க்கு ஓடித் தப்ப வழி இருக்கோணும். நாங்கள் போய் அதுகளின்ர வீட்டைத் தட்டாமல் இருக்கோணும். அவ்வளவுதான் பிள்ளை."

உஷாராணியின் கை கோப்பையோடு நின்றது.

தட்டினால் என்ன ஆகும் என்று மெல்லக் கேட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் தினமும் தட்டுவதை, கூப்பிடுவதை, பதில் வருவதை.

"என்ன பதில்?"

"வாசனை வரும். வாழைப்பழ வாசனை. மாமாவோட வாசனை."

கனகேஸ்வரி தன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது உங்கட மாமனார் இல்லை, பிள்ளை," என்றார். "அது கோபம்."

பயந்துபோன தேனீ ஒரு வாசனையை விடும். எதிரி வாசலில் நிற்கிறான், எல்லோரும் கொடுக்கோடு வாருங்கள் என்று மற்றத் தேனீக்களுக்குச் சொல்கிற வாசனை. மனிதர் மூக்குக்கு அது நன்றாகப் பழுத்த வாழைப்பழம். அதனால்தான் தேனீ வளர்ப்பவர் பெட்டிப் பக்கம் வாழைப்பழம் தின்னக்கூட மாட்டார். அந்த நாய் ஆவியைப் பார்த்து உறுமவில்லை. உங்கள் வீட்டில் விஷயம் புரிந்தது அதற்கு மட்டும்தான்.

கிட்டத்தட்ட ஒரு வருஷமாக அந்த வீட்டில் சாயந்திரம்தோறும் ஒரு கிழவி அன்பாகக் கதவைத் தட்டியிருக்கிறாள். உள்ளேயிருந்து ஒரு படை ஒவ்வொரு முறையும் வாளை உருவியிருக்கிறது.

"இன்னிக்குப் படையல்," என்றாள். "ஒரு சீப்பு பிசாங் மாஸ். பெட்டி வாயிலேயே வைப்பாங்க. மணியடிச்சு, தட்டிக் கூப்பிடுவாங்க."

"நாய் எங்கை?"

"லோரி வர்றதுக்குள்ள ஓடிடக்கூடாதுன்னு..." அவள் போனை எடுத்து மணி பார்த்தாள். "துணிக்கொடிக் கம்பத்துல கட்டி வைக்கிறேன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு."

"என்ன நிறம்?"

"கறுப்பு."

கனகேஸ்வரி எழுந்தே விட்டார். தேனீக்குக் கறுப்பு ரோமம் என்றால் கரடி. தேன் திருட வந்த பரம்பரை எதிரி. அவிழ்ந்து கிடக்கிற நாய் ஓடிவிடும். கட்டிய நாய்க்கு ஓட இடமில்லை. வேனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவதாகவும், நெடுஞ்சாலையை நம்பாமல் நீ ரயிலில் போ என்றும் சொன்னார். ஈரத் துணியால் நாயை மூடு, கையை வீசாதே, இருட்டான இடத்துக்குக் கொண்டுபோ. படியிறங்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

*

ரயில் தன் வழக்கமான வேகத்தில்தான் போனது. உஷாராணிக்குத்தான் அது ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி, டீ குடித்து, சொந்தக்காரர்களை விசாரித்துவிட்டுக் கிளம்புவது போல இருந்தது.

ராஜன் போனை எடுக்கவில்லை. மாமியார் எடுக்கவில்லை. ரமணியும் எடுக்கவில்லை. படையல் நேரம் என்று எல்லோரும் போனை ஊமையாக்கி வைத்திருப்பார்கள்.

படத்தைப் போர்த்திய துண்டு நழுவிவிட்டது போலிருக்கிறது. எதிர் இருக்கையில் இருந்த மலாய்க்கார அம்மாள் படத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக எழுந்து வேறு பெட்டிக்குப் போனார். அப்புறம் ஒரு இளைஞர். அப்புறம் இன்னொருவர். சுபாங் ஜெயா தாண்டும்போது அந்தப் பெட்டி முழுவதும் உஷாராணிக்கும் மாமனாருக்கும் மட்டும் சொந்தமாகிவிட்டது. அவர் பளபளக்கும் கண்ணால் ஜன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டு வந்தார்.

ஷா ஆலாமில் ஒருவழியாக ராஜன் போனை எடுத்தான்.

"என்னங்க, நாய அவுத்து விடுங்க. பழத்த எடுத்துடுங்க, அத்தைய தட்ட வேணாம்னு சொல்லுங்க," என்றாள் ஒரே மூச்சில்.

அவனுக்குக் கேட்கவில்லை. பின்னால் மணிச்சத்தம். ரமணி யாரிடமோ தீப்பெட்டி கேட்கிறாள். "சத்தமா சொல்லு உஷா, அம்மா ஆரம்பிச்சிட்டாங்க," என்றான்.

அப்போது போனுக்குள் அது கேட்டது. டொக். டொக். டொக். இன்றைக்கு விசேஷ நாள் அல்லவா, நன்றாக முஷ்டியை மடக்கித் தட்டியிருக்கிறாள்.

"என்னங்க. வாங்க. சாப்பிட வாங்க."

பெட்டியின் இரைச்சல் ஒரு கணம் நின்றது. ஒரு வருஷமாக நிற்காத இரைச்சல் அது. பிறகு திரும்பத் தொடங்கியது. தணிவாக இல்லை, மேல் ஸ்தாயியில், தம்புசாமியின் பழைய ஸ்பீக்கர்கள் ஒன்றாக ஊளையிட்டது போல. யாரோ ஓடினார்கள். பித்தளைத் தட்டு விழுந்தது. அதற்கு மேலே எக்கோவின் குரல்.

அந்தக் குரலை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. இணைப்பு அறுந்துவிட்டது.

*

தாமான் மெலோரில் ஆள் அரவம் இல்லை. எல்லா ஜன்னலும் மூடியிருந்தது. கிராப் கார்க்காரர் தெருமுனையிலேயே இறக்கிவிட்டு, கதவைச் சாத்தக்கூடக் காத்திராமல் போய்விட்டார். ரமணியின் செருப்பு ஒன்று வாசலிலும் ஒன்று சாக்கடையிலும் கிடந்தன. கூடத்துக் கண்ணாடிக்குப் பின்னால் ராஜன் நின்றான். ஒரு கண் முழுதாக மூடி, உதடு ஒருபக்கம் தோசை மாதிரி வீங்கி, அவனுடைய தம்பியைப் போல இருந்தான். அவனுக்குத் தம்பி கிடையாது.

வராதே, வராதே என்று கையாட்டினான். எக்கோ எங்கே என்று அவள் வாயசைத்துக் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

முன்பக்கக் குழாயில் துண்டை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மாமனாரைத் தூக்கித் தலைக்குமேல் குடையாகப் பிடித்துக்கொண்டாள். பக்கச் சந்து வழியாக நடந்தாள். ஓடக்கூடாது. கையை வீசக்கூடாது.

முதல் மழைத்துளி தகரத்தில் விழுவது போலப் படத்தின் கண்ணாடிமேல் விழுந்தன தேனீக்கள். டிக். டிக். டிக். பிறகு எண்ண முடியவில்லை. ஒன்று கழுத்தில் கொட்டியது, ஒன்று முழங்கையில். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பின்கட்டு முழுவதும் வாழைப்பழ வாசனை. அது வாசனையே இல்லை. மூச்சை அடைக்கிற ஒரு பொருள். படையலின் பழச்சீப்பு கறுப்பாக அசைந்துகொண்டிருந்தது. பெட்டியின் வாயிலிருந்து தேனீக்கள் வந்துகொண்டே இருந்தன, சொல்ல நினைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது போல.

கொடிக் கம்பத்தின் அடியில் சங்கிலி கிடந்தது.

சங்கிலி மட்டும்.

"எக்கோ," என்றாள்.

பின்கட்டுக் குளியலறைக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டுவதற்குக் கை ஓங்கியவள், தட்டப் பயந்து, "நான்தான்" என்றாள்.

திறந்தது சீதாலெட்சுமி. தலைவிரி கோலம். திதிக்கென்று கட்டிய பட்டுப்புடவையைப் பாதி அவிழ்த்து, நனைத்து, தரையில் கிடந்த ஒரு மூட்டைமேல் போர்த்தியிருந்தாள். குழாய் மூட்டைமேல் ஓடிக்கொண்டிருந்தது. மூட்டைக்கு ஒரு வால் இருந்தது. அந்த வால் ஒரே ஒரு தடவை ஈரத் தரையில் தட்டியது.

சமையல்கட்டு நிலைப்படியை எக்கோ தாண்டினால் மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறவள் சீதாலெட்சுமி. இப்போது அதன் தலை அவள் மடியில் இருந்தது. அவளுடைய இரண்டு கைகளும் வீங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒன்றையும் பிடிக்க முடியாமல் மடிமேல் கிடந்தன.

"மூச்சு விடுது," என்றாள். "சீக்கிரம் தூக்கிட்டுப் போ."

*

மிருக டாக்டர் ஊசி போட்டு, கொடுக்குகளைச் சுரண்டியெடுத்து, பிழைத்துக்கொள்ளும் என்று சொன்ன பிறகுதான் உஷாராணி அழுதாள். எக்கோவின் முகம் தவில் மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கம்பத்திலேயே இருந்திருந்தால் தன்னிடம் கொண்டுவர வேண்டிய அவசியமே இருந்திருக்காது என்றார் டாக்டர். ராஜனுக்கும் அவன் அம்மாவுக்கும் பக்கத்து கிளினிக்கில் ஊசி. ஜெஞ்சாரோம் லோரி வந்து, இவர்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டது.

அந்திக் கருக்கலில், தேனீக்கள் உள்ளே அடங்கும் நேரம் பார்த்து, கனகேஸ்வரி அம்மா பின்கட்டுக்குள் இறங்கினார். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, முகத்தில் வலை. ஜன்னல் இடுக்கில் பார்த்த ரமணி, தம்புசாமியைக் கூட்டிப் போக ஆள் வந்துவிட்டது என்று தெருவுக்கெல்லாம் போன் போட்டுவிட்டாள். கொஞ்சம் புகை காட்டி, பெட்டியின் வாயை வலைத் துணியால் மூடி, பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

மாமியார் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று உஷாராணி எதிர்பார்த்தாள். அதற்காகவே வாசனையின் கதையை முன்கூட்டியே பொறுமையாகச் சொல்லியிருந்தாள். சீதாலெட்சுமி முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள். அதுவே பயமாக இருந்தது.

"சரி," என்றாள் கடைசியில். "வாசனை பூச்சியோடது. ஒத்துக்கறேன். ஒரு வருஷமா பூச்சிகிட்டதான் பேசிக்கிட்டு இருந்திருக்கேன். அப்ப நாயோட சங்கிலிக் கொக்கிய அவுத்தது யாரு?"

நீங்கள்தானே அத்தை, என்றாள் உஷாராணி.

"நான் இல்ல. உள்ள ஓடிப்போனவ, அது கத்தினப்ப மனசு கேக்காம கதவத் திறந்துகிட்டு திரும்ப ஓடினேன். கம்பத்துக்குப் போகல. பாதியிலேயே அது என் காலுல வந்து விழுந்துச்சு. சங்கிலி கழுத்துல இல்ல."

ராஜனைப் பார்த்தார்கள். அவன் வீங்கிய உதட்டோடு, தான் இல்லை என்று தலையாட்டினான். கொக்கியின் ஸ்பிரிங் போய்விட்டதாம். வாய் திறந்துவிடாமல் இருக்க, அப்பாவின் கொட்டகையில் கிடந்த ஸ்பீக்கர் ஒயர்த் துண்டு ஒன்றால் இறுக்கிச் சுற்றி, பிளையர் வைத்து முறுக்கினானாம். இரண்டு கையும் பிளையரும் இல்லாமல் அதை அவிழ்க்கவே முடியாதாம். தேனீ கிளம்பியதும் அவன்தான் முதலில் வீட்டுக்குள் ஓடியவன். அதைச் சொல்லும்போது அவன் யாரையும் பார்க்கவில்லை.

ரமணியோ சாமி கும்பிட்ட கையோடு அப்படியே தன் வீட்டுக்குள் குதித்தவள். வேறு யாரும் இல்லை.

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த கனகேஸ்வரி, கயிறு கட்டுவதில் திடீரென்று மும்முரமாகிவிட்டார்.

வேனின் பின்கதவு சாத்தப்பட்டபோது சீதாலெட்சுமி உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தாள். வீங்கிய கையில் பிடிக்க முடியாமல் முழங்கையில் மாட்டியிருந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"மா, என்னம்மா இது," என்றான் ராஜன்.

"பெட்டி எங்க போவுதோ நானும் அங்கதான். முப்பத்தஞ்சு வருஷமா அந்த ஆளு எந்தக் கோயிலுக்கு மைக்செட் கட்டப் போனாலும் நான்தான் கூடப் போயி சோறு பொங்கிப் போட்டேன். இப்ப மட்டும் தனியா அனுப்பிடுவனா?"

கனகேஸ்வரி, தன் வீட்டில் பூனைகளும் தானும் மட்டும்தான், இடமிருக்கிறது, ஆனால் பெட்டியைத் தட்டக்கூடாது என்றார். தட்டமாட்டேன் என்றாள் சீதாலெட்சுமி. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாளாம்.

உஷாராணி ஜன்னல் ஓரம் போய் நின்றாள். காலையில் வீட்டைவிட்டுப் போக வேண்டியது நாய். மாலையில் போய்க்கொண்டிருப்பது மாமியார். இப்படியொரு வெற்றியை அவள் கேட்கவில்லை.

"போகாதீங்க அத்தை."

சீதாலெட்சுமி அவள் தோளுக்கு மேலாக, வாசற்படியில் படுத்திருந்த வீங்கிய முகத்தைப் பார்த்தாள்.

"நாய நல்லா பாத்துக்க. ஜெஞ்சாரோமும் வேணாம், ஒண்ணும் வேணாம். உள்ளயே படுக்கட்டும். அவரு அவுத்து விட்ட நாய்."

வேன் கிளம்பியது. தெருவில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து பார்த்து மூடிக்கொண்டது. வேனின் சிவப்பு விளக்கு தெருமுனையில் திரும்பும்வரை அந்த இரைச்சல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி உஷாராணிக்குப் பிடிக்கவில்லை.

ராஜன் கூடத்தில் உட்கார்ந்து முகத்தில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். செத்த தேனீக்கள் கம்பத்தைச் சுற்றி உமி கொட்டியது போலக் கிடந்தன. கூட்டி ஒதுக்கினாள். சங்கிலியை எடுத்து ஓரமாகப் போட்டாள். நிமிர்ந்தபோது, துணிக்கொடி கட்டும் ஆணியில் எதுவோ தொங்குவது தெரிந்தது.

சிவப்பும் கறுப்புமாக ஒரு ஒயர்த் துண்டு. அறுந்திருக்கவில்லை. முறுக்கின தடம் தெரியாமல் நீவிவிட்டு, சின்ன வளையமாகச் சுற்றி, அழகாக மாட்டி வைத்திருந்தது.

அதைக் கொண்டுபோய் ராஜனிடம் நீட்டி, இதுதானா நீங்கள் சுற்றிய ஒயர் என்று கேட்டாள்.

அவன் வாங்கவில்லை. ஐஸ் துணி மடியில் விழுந்தது. ஒற்றைக் கண்ணால் அந்த வளையத்தையே பார்த்தான். கூடத்துச் சுவரோரம் கதவு அளவு படம் சாய்ந்து நின்றது. அதன் பக்கம் திரும்பாமல் இருக்க அவன் கழுத்து பாடுபட்டது.

"அப்பா ஒயரு இப்படித்தான் சுத்துவாரு," என்றான். "எட்டு மாதிரி ரெண்டு சுத்து. அப்புறம் கடைசி முனைய உள்ள சொருகிடுவாரு, பிரியாம இருக்க. எத்தனையோ தடவ காட்டிக் குடுத்தாரு உஷா. எனக்கு வரவேயில்ல."

உஷாராணி அந்த வளையத்தைக் கீழே வைத்துவிடப் பார்த்தாள். வைத்தால் பிரிந்துவிடுமோ என்று இருந்தது. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.